சுருட்டு முடியட்டும்

செலியமேட்டில் நாங்கள் குடியிருந்த தெருவில் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஆறே முக்கால் வரைக்கும் யாரும் மிக்சி போடமாட்டார்கள். மின்வெட்டு ஒன்றும் கிடையாது. எதிர்வீட்டு மாமா சுருட்டு பிடிக்கிற நேரம் அது. சட்னி அரைக்கிறவர்கள் அதற்கு முன்னால் அரைத்துக்கொள்ள வேண்டும். மறந்துபோனவர்கள் அன்றைக்கு இட்லிக்குச் சர்க்கரை தொட்டுக்கொள்ள வேண்டும். நான் தொட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்படிச் சொன்னால் ஏதோ பெரிய பண்ணையார், ஊரை மிரட்டுகிற ஆள் என்று தோன்றும். அதெல்லாம் இல்லை, டிராக்டர் டிரைவர். டிராக்டரும் சொந்தம் கிடையாது. பாகூர்ப் பக்கம் நிலம் வைத்திருந்த ஒருவரிடம் சம்பளத்துக்கு ஓட்டினார். நடவுக்கு முன்னால் வயலைச் சேறாக்கச் சேடை ஓட்டுவார், வெட்டுக் காலத்தில் கரும்பு ஏற்றிக்கொண்டு போவார். காலையில் போனால் ஐந்தரைக்குத்தான் வீடு. முழங்கால் வரைக்கும் சேறு அப்பியிருக்கும். காதுக்குள் இன்னும் இன்ஜின் ஓடுகிற மாதிரி தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டே நடப்பார். குளித்துவிட்டு வெள்ளைப் பனியனும் கட்டம் போட்ட கைலியுமாக வெளியே வருவார். வீட்டுக்குப் பக்கத்தில் மனை போட்டு விற்காமல் கிடந்த காலி இடம் ஒன்று இருந்தது. மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லெல்லாம் புல்லுக்குள் முழுகிக் கிடக்கும். அங்கே ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டு, தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிரில் இருக்கிற கரும்பைப் பார்த்து உட்காருவார்.

சுருட்டும் உயர்ந்த சரக்கு இல்லை. பாகூர் கடைத்தெருவில் ஒரு பெட்டிக்கடையில் நூல் சுற்றிக் கட்டாக விற்பார்கள். ஒரு டீ குடிக்கிற காசுகூட ஆகாது ஒன்றுக்கு. கோணலும் மாணலுமாக இருக்கும். அதை எடுத்துக் காதோரம் வைத்து இரண்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். சரசரவென்று சத்தம் வந்தால் சரி. நுனியைக் கடித்துத் துப்பிவிட்டு, தீக்குச்சியைக் கிழித்து, அவசரமே இல்லாமல் சுருட்டைத் திருப்பித் திருப்பிப் பற்றவைப்பார். மூலக்குளத்தில் கட்டிக்கொடுத்த மகள் ஒருதடவை லைட்டர் வாங்கி வந்தாள். கேஸ் வாடை அடிக்கிறது, ருசி கெட்டுப்போகிறது என்று அதை அடுப்புப் பற்றவைக்கக் கொடுத்துவிட்டார். முதல் புகையை விட்டதும் அவருடைய தோள் இரண்டும் ஒரு விரற்கடை கீழே இறங்கும். என் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தாலே தெரியும். இவ்வளவு சின்னப் பொருளில் ஒரு மனுஷனுக்கு இவ்வளவு சுகமா என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்திருக்கிறது.

நானும் அம்மாவும் அந்தத் தெருவில் வாடகைக்கு இருந்தோம். நான் பாகூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். உறவென்று ஒன்றும் இல்லை. எதிரெதிர் வீடு, அதனால் அவர் மாமா, அவர் மனைவி அத்தை.

மிக்சி போடக்கூடாது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னதெல்லாம் அத்தைதான். அவளும் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். ஆறு மணிக்கு வாசல்படியில் வந்து உட்காருவாள். எந்த வீட்டிலாவது சத்தம் கேட்டால் எழுந்துபோய், கும்பிடுகிற மாதிரி இரண்டு கையையும் சேர்த்துக் காட்டிவிட்டு வருவாள். பந்து விளையாடுகிற பிள்ளைகளைத் தெருக்கோடிக்கு ஓட்டிவிடுவாள். மாதச்சீட்டு நடத்துகிறவள், கேபிள்காரன், கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் எல்லாரையும் படியிலேயே மடக்கி உட்காரவைப்பாள். "சுருட்டு முடியட்டும்" என்பது ஒன்றுதான் அவளுடைய பேச்சு. நாங்கள் அவளைக் கிண்டல் செய்வோம். கோயிலில் சாமிக்குத் திரை போட்டால்கூட இவ்வளவு கெடுபிடி இல்லை என்பேன். சிரிப்பாள். எழுந்திருக்கமாட்டாள்.

கிண்டல் செய்தோமே தவிர எங்களுக்கும் காரணம் தெரியும். எங்கள் பக்கத்தில் குடிக்கிற சரக்குக்குப் பஞ்சம் கிடையாது, விலையும் மலிவு. அந்தண்டைக் கடலூர்க்காரர்கள் பைக் போட்டுக்கொண்டு சோரியாங்குப்பம் வரைக்கும் வந்து குடித்துவிட்டுப் போவார்கள். உள்ளூர்க்காரனுக்கு அந்தச் சிரமமும் இல்லை, நடந்தே போகலாம். மாமா நடந்து போய்க்கொண்டிருந்தவர்தான். நாங்கள் குடிவருவதற்கு முன்னால் ஏழெட்டு வருஷம் அப்படி. போகும்போது நடந்து போவார், வரும்போது யாராவது கொண்டுவந்து போடுவார்கள். அத்தையின் இடது காதுக்குப் பின்னால் ஒரு தழும்பு இருந்தது. தலை வாரிவிடும்போது நான் பார்த்திருக்கிறேன். எதனால் என்று கேட்டதற்கு, டிராக்டர் சாவி என்றாள்.

அவரைக் குடியிலிருந்து சுருட்டுக்குத் திருப்பியது அவள்தான். டாக்டர், மருந்து, சாமிக்குக் கயிறு கட்டுவது எல்லாம் பார்த்து ஓய்ந்துபோன பிறகு, அவளுக்கு அவளுடைய அப்பா ஞாபகம் வந்திருக்கிறது. அவர் களத்துவேலை முடிந்து ஒரு சுருட்டைப் பற்றவைத்தால் அடங்கிப்போவார் என்று. நேரே பாகூருக்குப் போய் ஒரு கட்டுச் சுருட்டு கேட்டாளாம். கடைக்காரன் உனக்கா என்று சிரித்தானாம். ஆமாம் எனக்குத்தான் என்று சொல்லி வாங்கி வந்து, ஆறு மணிக்கு, அவர் செருப்பை மாட்டுகிற நேரத்தில் கையில் கொடுத்திருக்கிறாள். இத குடிச்சிட்டுப் போ என்றாளாம். குடித்து முடித்தபோது அவருக்குப் போகத் தோன்றவில்லை. மறுநாளும் தோன்றவில்லை. அதிலிருந்து அவர் ஒருதடவையும் போகவில்லை. அவளுக்கு மட்டும் ஒருநாளும் நம்பிக்கை வரவில்லை. பாதியில் எழுந்துவிட்டால் கால் பழைய வழியில் போய்விடும் என்று அவளுக்குள் ஒரு பயம் உறைந்து கிடந்தது.

மழைக்காலம் வந்தால் அவளைப் பார்க்க வேண்டும். சுருட்டு நமுத்துப்போனால் பற்றாது. அரிசிப் பானைக்குள் புதைத்துப் பார்த்தாள், சோறெல்லாம் புகையிலை வாடை. பிறகு ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர் மேல் வைத்தால் சூட்டில் காய்ந்து இருக்கும் என்று கண்டுபிடித்து, ராக்கெட் விட்டவள் மாதிரி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஒரு புயல் சமயம், கரண்ட் இல்லை, ஸ்டெபிலைசர் ஆறிப்போய் மொத்தக் கட்டும் நமுத்துவிட்டது. தலையில் பாலிதீன் சாக்கைப் போட்டுக்கொண்டு பாகூருக்கு நடந்தே போய் வாங்கிவந்தாள். திரும்பி வந்தபோது அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஓட்டிலிருந்து ஒழுகுகிற இடத்தில் பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தார். இந்த மழையில் எங்கே போனாய் என்று கேட்டார். உப்பு வாங்க என்றாள்.

அவருடைய அண்ணன் செத்ததும் ஒரு சாயங்காலத்தில்தான். போன் வந்தபோது ஆறு பத்து இருக்கும். அத்தை படியில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டாள். போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் அப்போது பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். என்னிடம் சொல்லிவிட்டு, அவளும் என்னோடு கீரை உருவ ஆரம்பித்தாள். அவர் சுருட்டை அணைத்து, நாற்காலியை இடுப்பில் தூக்குகிற பிள்ளை போலத் தூக்கிக்கொண்டு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். அவர் அங்கேயே உட்கார்ந்து அழுதார். எப்போது போன் வந்தது என்று கேட்டதற்கு இப்பதான் என்றாள். எனக்கு அன்றைக்கு அது தப்பாகத் தெரியவில்லை. செத்தவருக்கு அரைமணி முன்பின் ஆனால் என்ன என்று நினைத்தேன்.

சுருட்டு முடிந்த பிறகு அவர் வேறு ஆள். என் ஸ்கூட்டியின் பிரேக் ஒயரை எத்தனையோ முறை மாற்றிக் கொடுத்திருக்கிறார். என் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது, தினமும் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். பேச்சு குறைவு. ஒருநாள் நான் வம்புக்காக, இதில் அப்படி என்ன மாமா இருக்கிறது, எனக்குக் குமட்டுகிறது என்றேன்.

"டிராக்டர் நின்னாலும் ஒடம்பு ஆடிகினே இருக்கும்மா. இத குடிச்சா நிக்குது" என்றார். அவ்வளவுதான் அவர் அதைப்பற்றி என்னிடம் சொன்னது.

அந்த நாளைப்பற்றி எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். இனிமேல் முடியாது.

அன்றைக்குக் கடையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். ஆறே கால் இருக்கும். மாமா நாற்காலியில் உட்கார்ந்து புகை விட ஆரம்பித்திருந்தார். அத்தை வழக்கம்போலப் படியில் இருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். காற்று நன்றாக வீசியது, வேர்க்கிற நேரம் இல்லை. என்ன என்று கேட்டேன். தாடை இழுத்துப் பிடிக்கிறது, பல்வலியாக இருக்கும் என்றாள். பிறகு தோள்பட்டை என்றாள். பிறகு, மத்தியானம் மொச்சைக்கொட்டை தின்றேன், வாயு என்றாள்.

மருந்துக்கடையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே முதலாளி எனக்குச் சொன்ன விஷயம் ஒன்று உண்டு. தாடைவலி, வேர்வை என்று யாராவது வந்தால் வாயு மாத்திரை கொடுக்காதே, ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. அப்படி நான் இரண்டு மூன்று பேரை அனுப்பியும் இருக்கிறேன். அத்தைக்கு என் கைப்பையிலிருந்து வாயு மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று கேட்டால், அவள் கேட்டாள், கொடுத்தேன்.

ஐந்து நிமிஷம் கழித்து அவள் முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆனது. எனக்குப் பயம் வந்துவிட்டது. ஸ்கூட்டியில் உட்கார், பாகூர் போய்விடலாம் என்றேன். ஆம்புலன்சைக் கூப்பிடட்டுமா என்றேன். சரி, மாமாவையாவது கூப்பிடுகிறேன் என்று எழுந்தேன். என் புடவையைப் பிடித்து இழுத்தாள். அவ்வளவு முடியாத நேரத்திலும் பிடி இரும்பாக இருந்தது.

"சும்மா உக்காருடி. இன்னும் இருவது நிமிஷம். சுருட்டு முடியட்டும். பாதியில எழுப்பி வுட்டா அவரு கால் எங்க போவும்னு எனக்குத்தான் தெரியும்."

"அத்த, மொகம் ஒரு மாதிரி இருக்குது உனக்கு."

"எனக்கு ஒண்ணியும் ஆவாது."

நான் உட்கார்ந்தேன். அவள் கையைத் தேய்த்துவிட்டேன். கை சில்லென்று இருந்தது. மாமாவின் முதுகையும் அதற்கு மேலே எழும்புகிற புகையையும் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் இருந்தோம். எப்போதும் அத்தை காட்டுகிற கையை அன்றைக்கு நான் காட்டினேன். பக்கத்து வீட்டில் டிவியைப் பெரிதாக வைத்தார்கள், நானே எழுந்துபோய்க் குறைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அத்தை அவருக்கு டீ போட வேண்டும் என்று எழுந்தாள். நிலைப்படியைத் தாண்டவில்லை. அப்படியே மடங்கி விழுந்தாள். பின்தெருவில் காய்கறி வேன் வைத்திருந்தவரைக் கூப்பிட்டு, காலி கூடைகளுக்கு நடுவில் அவளைப் படுக்கவைத்துக்கொண்டு போனோம். மாமா அவள் பாதத்தைப் பிடித்துச் சூடு வரத் தேய்த்துக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

டாக்டர் சின்ன வயசுக்காரர். வலி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். வாசல்படியில் அரைமணி நேரம் அவளோடு உட்கார்ந்திருந்தவள் நான். இவ்வளவு நேரம் உனக்காகத்தான் காத்திருந்தாள் என்று அந்த மனுஷனிடம், அந்த இடத்தில், அவள் பாதத்தைப் பிடித்திருக்கும்போது எப்படிச் சொல்வது? சொன்னால் அவர் இன்றைக்கே குடிக்கப் போய்விடுவார், ஒரு மாதத்தில் அவரும் போய்விடுவார் என்று நினைத்தேன்.

"இப்பதான் சார். ஒரு அஞ்சி நிமிஷம் இருக்கும்" என்றேன்.

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். மாமா தலையை மட்டும் ஆட்டினார்.

காரியம் முடிந்த மறுநாள் அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு காலி மனைக்குப் போனார். தெருவில் முணுமுணுத்தார்கள். பொண்டாட்டி போன ஈரம்கூடக் காயவில்லை, இவருக்குச் சுருட்டு கேட்கிறது என்றார்கள். எனக்கும் வயிறு எரிந்தது. புகையின் வாடை ஜன்னல் வழியாக வந்தபோது எழுந்து கதவைச் சாத்தினேன். ஆனாலும் அடுப்படியில் மிக்சி ஸ்விட்சின்மேல் கை போகவில்லை. தெருவில் ஒரு வீட்டிலும் சத்தம் இல்லை. காவல் இருந்தவள் போன பிறகும் காவல் நடந்துகொண்டிருந்தது.

அதைவிடக் கேவலம், வாரத்துக்கு ஒருதடவை பாகூரிலிருந்து கட்டு வாங்கி வரும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். கடை வழியில்தானே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அத்தையின் பயம் எனக்குத் தொற்றிவிட்டது. ஆறு மணிக்கு அவர் நாற்காலியைத் தூக்கவில்லை என்றால் நான் ஜன்னலை விட்டு நகரமாட்டேன். மகள் மூலக்குளத்திலிருந்து வந்து, இங்கே தனியாக என்ன செய்கிறாய், எங்களோடு வந்துவிடு என்று எத்தனையோ முறை கூப்பிட்டாள். அங்கே வண்டிச் சத்தம் தாங்காது என்று சொல்லிவிட்டார். நான் கட்டைக் கொடுக்கும்போது வாங்கிக்கொள்வார், காசைக் கையில் வைப்பார். மூன்று வருஷம் இப்படிப் போனது. அவர் குடிக்கவில்லை. நான் சொன்ன பொய்தான் அவரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்று எனக்குள் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

பிறகு எனக்கு வில்லியனூரில் பெரிய கடை ஒன்றில் வேலை கிடைத்தது. வீட்டைக் காலி செய்வதற்கு முந்தின சாயங்காலம், சொல்லிக்கொள்ளலாம் என்று சுருட்டு முடிவதற்காக வாசலில் நின்றிருந்தேன். மாமா நாற்காலியில் இருந்தபடியே திரும்பி, வா என்று கையால் கூப்பிட்டார். சுருட்டு எரிந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் அவர் யாரையும் கூப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. போய்ப் பக்கத்தில் ஒரு மனைக்கல்லின் மேல் உட்கார்ந்தேன்.

புது இடத்தைப்பற்றி விசாரித்தார். அம்மாவின் கண் எப்படி இருக்கிறது என்று கேட்டார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அன்னிக்கி டாக்டர்கிட்ட அஞ்சி நிமிஷம்னு சொன்ன இல்ல?"

ஆமாம் என்றேன்.

"நான் திரும்பிப் பாத்தேம்மா. ரெண்டு தபா பாத்தேன். மார்ல கைய வெச்சிகினு உக்காந்திருந்தா. மொகம் நல்லா இல்ல. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி இருந்துச்சி. முடிச்சிட்டுப் போயி இன்னான்னு கேக்கலாம்னு இருந்துட்டேன்."

அத்தைதான் உங்களைக் கூப்பிடவேண்டாம் என்று என்னைப் பிடித்து உட்காரவைத்தாள் என்று நான் அவசர அவசரமாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"அவ கூப்ட மாட்டா. அது எனக்குத் தெரியும். நீ பக்கத்துல இருந்தியே. மருந்துக்கடப் பொண்ணு, அதுக்குத் தெரியாதா, ஏதாவது ஒண்ணுன்னா கூப்டும்னு நெனச்சேன்."

குறையாகச் சொல்லவில்லை. வண்டி ஏன் நின்றது என்று சொல்கிற குரல்தான். சொல்லிவிட்டுக் கரும்பைப் பார்த்துக்கொண்டு மறுபடி புகை விட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, ஓடிப்போய்விடலாம் போல இருந்தது, அங்கேயே விழுந்து அழவேண்டும் போலவும் இருந்தது. மூன்று வருஷமாக அவருக்காக ஒரு பொய்யைக் கட்டிக் காப்பாற்றுகிறேன் என்று திரிந்தேனே, அது அவருக்கு ஒருநாளும் தேவைப்படவில்லை. எனக்குத்தான் தேவைப்பட்டிருக்கிறது.

கல்லிலிருந்து எழுந்து திரும்பிப் பார்த்தேன். அவர்கள் வீட்டு வாசல்படி தெரிந்தது. நாற்பது அடி இருக்கும். மாமா என்று சாதாரணக் குரலில் கூப்பிட்டிருந்தால்கூடக் கேட்டிருக்கும்.